இடிக்க வாங்கிய வீடு

கடை,
பிப்ரவரி 10

பாப்பாவுக்கு அண்ணன் எழுதுவது.

இரண்டாம் ரயில்வே கேட் பக்கம், அந்த ஊரே பல் டாக்டர் வீடு என்று சொல்லும் பழைய வீட்டை நேற்று இடிப்பதற்காக வாங்கிவிட்டேன். இங்கே எல்லோரும் சுகம். உன் அண்ணிக்கு முழங்கால் வலி. எனக்கு அண்ணியின் முழங்கால் வலி. நீயும் பிள்ளையும் மருமகளும் சுகம்தானே?

விற்றவர் கண்ணாடிக்கடைக்காரர். அவருடைய அம்மாவுக்கும் பங்கு இருந்தது. அந்த அம்மா கையெழுத்துப் போட மாட்டேன் என்று இழுத்து இழுத்து என் உயிரை வாங்கிவிட்டார். ஒருவழியாகப் போட்டார்.

எல்லாம் தேக்கு. கதவு, ஜன்னல், உத்தரம், படிக்கட்டு கைப்பிடி கூட. புதிதாக ஓட்டல் கட்டுகிற ஒருவர் மொத்தமாகப் பேசிவிட்டார். இடிக்க நகராட்சி அனுமதி வர ஒரு மாதம் ஆகும். அதுவரை வீடு காலியாகக் கிடந்தால் ஜன்னல் கம்பி கூட மிஞ்சாது. போன வருஷம் நான் இடிக்க வாங்கிய பங்களாவின் கதவையே ஒருத்தன் கழற்றி வந்து என்னிடமே விற்றான். பேரம் பேசிப் பாதி விலைக்கு வாங்கிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டு, திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் என் மேஸ்திரி போட்ட பெயின்ட் நம்பர்!

ஆகவே நீ வந்து ஒரு மாதம் அந்த வீட்டில் இரு. சும்மா இருந்தால் போதும். சாப்பாட்டுச் செலவு என்னுடையது. உன் பிள்ளையிடம், மாமா உன்னை ஒரு மாதம் கடன் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


பல் டாக்டர் வீடு,
பிப்ரவரி 26

அண்ணாவுக்கு வணக்கம்.

வந்து சேர்ந்தேன். சுகம். அண்ணியை மாடிப்படி ஏறவிடாதீர்கள்.

லாரிக்காரர் பெட்டி இரண்டையும் தையல் மெஷினையும் பத்திரமாக இறக்கினார். முன்னறையில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது. சமையலறை ஜன்னல் மட்டும் இறுகிப்போய், தோளால் இடித்தால்தான் திறக்கிறது. அடுப்பு வாங்கிவிட்டேன்.

போன் செய்யச் சொல்லிவிட்டீர்கள். தெருமுனை பூத்தில் நின்று உங்கள் கடைக்குப் பேசினால் முதலில் எடுப்பது உங்கள் கணக்குப்பிள்ளை. பிறகு நீங்கள் கத்துவது பஜாருக்கே கேட்கும். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மற்றவர்களுக்கு லைன் போட்டுக் கொடுத்தவள் நான். லைனில் யார் யார் காது இருக்கும் என்று எனக்குத் தெரியும். எழுதுகிறேன்.

நேற்று பக்கவாட்டுக் கதவை ஒரு பெரியவர் தட்டினார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர் இருக்காரா?" என்றார். டாக்டர் காலமாகி நாற்பது வருஷமாவது இருக்கும் என்று எதிர்வீட்டுத் தையல்காரர் சொல்கிறார். பெரியவரோ, "அப்ப அவங்க பசங்க யாராச்சும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. விசாரிக்கலாம் என்று இருக்கிறேன்.

தங்கை


கடை,
மார்ச் 5

பாப்பாவுக்கு,

எல்லோரும் நலம். உன் சுகத்துக்கு எழுது.

யாருக்குப் பல்வலி வந்தாலும் உனக்கு என்ன? கதவைத் திறக்காதே. அதற்குப் பெயர்தான் காவல்.

மேஸ்திரி வந்து கதவுகளுக்கெல்லாம் நம்பர் போடுவார். வாசல் கதவு ஒன்று, பக்கவாட்டுக் கதவு ஐந்து. கதவு மேலே துணி காயப்போடாதே, பெயின்ட் ஒட்டும்.

ஒரு மாதத்துக்கு வந்தவளுக்குத் தையல் மெஷின் எதற்கு? லாரி வாடகை ரசீது என்னிடம்தான் வந்திருக்கிறது. கம்பளி வேறு இருக்கிறதாம். இந்த வெயிலில்!

என் மருமகன், உன் பிள்ளை, எப்படி இருக்கிறான்? வந்து பார்த்தானா? எழுது.

அண்ணன்


பல் டாக்டர் வீடு,
மார்ச் 22

அண்ணாவுக்கு வணக்கம். நான் நலம். அண்ணிக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன், சூடாக்கித் தடவுங்கள்.

டாக்டர் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். தையல்காரர் டாக்டரின் தம்பி பெயரைச் சொன்னார். தம்பி வேலை பார்த்த மில்லுக்கு எழுதினேன். மில்லிலிருந்து அவருடைய பெண் வீட்டு விலாசம் வந்தது. அங்கிருந்து டாக்டரின் பேத்திக்கு. அவளும் பல் டாக்டர்தான், பாருங்கள். நாலு பக்கம் பதில் எழுதியிருக்கிறாள்.

டாக்டர் காலமானதும் மகன் பிராக்டீஸைப் பக்கவாட்டு அறையிலிருந்து முன்னறைக்கு மாற்றியிருக்கிறார். முன்னறை அதுவரை டாக்டர் மனைவி படுக்கும் அறை. அவருடைய கட்டிலைக் கூடத்துக்கு மாற்றினார்கள். கூட்டம் அதிகமானதும் கூடம் நோயாளிகள் காத்திருக்கும் இடமாயிற்று. பகலில் கட்டிலை மடக்கிவிட்டு அந்த அம்மாவும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பாராம். வருகிறவர்கள் எல்லோரும் அவரிடம் கேட்பார்கள்: "டாக்டர் உள்ளே இருக்காரா?" "இருக்காரு, உக்காருங்க" என்பாராம். அதுவே வேலையாகிவிட்டது. கடைசியில் புதிதாக வந்த ஒருவர் அவரையும் நோயாளி என்று நினைத்து, "உங்களுக்கு எந்தப் பல்லும்மா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா சிரித்துவிட்டு, "எனக்கு முன்னாடி நீங்க போங்க" என்றாராம்.

பேத்தி இதை வேடிக்கையாகத்தான் எழுதியிருக்கிறாள்.

அடுத்தது இந்த வீட்டில் இருந்தது ஒரு ரயில்வே டிக்கெட் பரிசோதகர். தேடிக்கொண்டிருக்கிறேன்.

தங்கை


கடை,
ஏப்ரல் 2

பாப்பாவுக்கு,

சுகம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. எண்ணெய் வந்தது, அண்ணி நன்றி சொல்லச் சொன்னாள்.

அந்தப் பேத்தி நேற்று என் கடைக்கு வந்து நின்றாள். பக்கவாட்டுக் கதவு வேண்டுமாம். பாட்டி கை பட்ட கதவாம். சரி, கதையோடு வருகிற கதவுக்கு விலை கூடும் என்று நானும் நாற்காலி போட்டு, டீ சொல்லி, மெதுவாகப் பேச்செடுத்தேன். பாப்பா, தொழிலில் இத்தனை வருஷத்தில் நேற்றுதான் தெரிந்துகொண்டேன்: கதையில்லாத கதவைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கதை இருக்கிற கதவை ஓசியில் கேட்கிறார்கள்! அழுதாள் வேறு. கடைப் பையன்கள் எல்லோரும் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

ஐந்தாம் நம்பர் ஓட்டல்காரருக்குப் பேசியாயிற்று. கதவுக்குத் தகுந்தபடி அவர் சுவரே எழுப்பிவிட்டார்.

உன்னைக் காவலுக்கு அனுப்பினேன். நீ ஊரெல்லாம் கடிதம் போட்டு ஆளைக் கூப்பிடுகிறாய். திருடனே தேவலாம், சத்தமில்லாமல் வருவான்.

அனுமதி வந்துவிட்டது. பதினைந்தாம் தேதி மேஸ்திரி ஆட்களோடு வருவார். பெட்டியைக் கட்டி வை. பிள்ளைக்கு எழுதிவிட்டாயா? போன கடிதத்திலும் கேட்டேன், பதில் இல்லை.

அண்ணன்


பல் டாக்டர் வீடு,
ஏப்ரல் 18

அண்ணாவுக்கு வணக்கம். இங்கே நலம். கோபத்தில் மாத்திரை சாப்பிட மறந்துவிடாதீர்கள்.

மேஸ்திரி வந்தார், கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார், உள்ளே எட்டிப் பார்த்தார், போய்விட்டார். நான் தடுக்கவில்லை. அடுப்பில் பால் வைத்திருந்தேன், அவ்வளவுதான். "அடுப்பு எரியிற வீட்ல கதவு நிலையில கை வைக்கக் கூடாதும்மா. முதலாளி போட்ட சட்டம். மீறினா எங்களை வேலையை விட்டுத் தூக்கிடுவாரு" என்றார். நல்ல சட்டம். நீங்கள்தான் போட்டீர்களா?

டிக்கெட் பரிசோதகருக்கு இரண்டு மகன்கள். இருவருக்கும் தனித்தனியாக எழுதினேன். இருவரும் ஒரே நாளில் வந்துவிட்டார்கள். பேசி எத்தனையோ வருஷமாம். கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். நான் நடுவில் டீயோடு.

மூத்தவர் என்னிடம் சொன்னார்: "அம்மா கடைசி வரைக்கும் தம்பிகிட்ட இருக்கணும்னுதான் ஆசைப்பட்டாங்க."

தம்பி சுவரைப் பார்த்துச் சொன்னார்: "இவரு வீட்ல அம்மாவுக்குன்னு ஒரு ரூம் கட்டுறேன்னு செங்கல் எல்லாம் இறக்கினாரு. அந்தச் செங்கல் இப்ப எங்கேன்னு கேளுங்க."

"உன் பொண்டாட்டிதானே ஆறு மாசம் இங்க, ஆறு மாசம் அங்கன்னு கணக்குப் போட்டா!"

"நீ அந்த ஆறு மாசத்துலயும் ரெண்டு மாசம் டூர் போனே!"

அந்த இரண்டு மாதமும் அந்த அம்மா எங்கே இருந்தார் என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக. இருவருக்குமே தெரியவில்லை.

டீ நன்றாக இருந்தது என்றார்கள்.

தங்கை


கடை,
ஏப்ரல் 25

பாப்பாவுக்கு,

நலம் என்று எழுதினால் பொய். ரத்த அழுத்தம். டாக்டர் காரணம் கேட்டார், தங்கை என்றேன்.

அடுப்புச் சட்டம் நான் போட்டதுதான். காலி பண்ணாத குடித்தனக்காரன் ஒருவன் கோர்ட்டுக்கு இழுத்தபோது போட்டது. என் சட்டம் என் தலையிலேயே விழும் என்று யார் கண்டது? உன்னைக் காவலுக்கு அனுப்பினேன். நீ குடித்தனம் பண்ணுகிறாய். பணம் கொடுத்து நானே என் வீட்டுக்குக் குடித்தனக்காரியை லாரியில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். பஜாரில் தெரிந்தால் நான் தலை காட்ட முடியாது.

ஓட்டல்காரர் தினமும் போன் பண்ணுகிறார். மே முடிவதற்குள் சரக்கு இறங்காவிட்டால் வேறு இடம் பார்ப்பாராம். கதவுக்காக எழுப்பிய சுவரை என் தலையில் கட்டுவாராம். ஆகையால் மே இருபத்தைந்து கெடு. அதற்குமேல் ஒரு நாள் கிடையாது. அடுப்பை அணைத்துவிட்டு உன் பிள்ளை வீட்டுக்குக் கிளம்பு.

அவனுக்கு நானே இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. நாலு கடிதமாக உன்னையும் கேட்கிறேன். ஊரில் செத்தவர்களின் பிள்ளைகளைப் பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறாய். உயிரோடு இருக்கிற உன் பிள்ளையைப் பற்றி ஒரு வரி எழுதக் கை வரவில்லையா?

அண்ணன்


பல் டாக்டர் வீடு,
மே 6

அண்ணாவுக்கு வணக்கம்.

கண்ணாடிக்கடைக்காரரின் அம்மாவை நீங்கள் பதிவு அலுவலகத்தில் பார்த்திருப்பீர்கள். வீட்டை விற்றபின் அவர் எங்கே போனார் என்று இந்தத் தெருவில் யாருக்கும் தெரியவில்லை. தையல்காரர் மட்டும், காரில் ஏறும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்கிறார். கடையில் விசாரித்தேன். "அம்மா நல்லா இருக்காங்க" என்று சொல்லி மகன் அடுத்த வாடிக்கையாளருக்குக் கண்ணாடி மாட்டப் போய்விட்டார்.

உங்கள் கெடு நினைவிருக்கிறது. இருபத்தைந்துக்கு முன் காலி செய்துவிடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை


கடை,
மே 15

பாப்பாவுக்கு,

நேற்று உன் பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன்.

உன் அறைக்கு வெளியே இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று போர்டு தொங்குகிறது. உள்ளே இரண்டு மேஜை, ஒரு மின்விசிறி. வாடகைக்கு விட்டு நாலு மாதமாகிறதாம். நான் உன்னைக் கூப்பிட்டதே பிப்ரவரியில்தான். அதற்கு முன்னால் நீ எங்கே படுத்தாய் என்று கேட்டேன். ஹாலில் என்றான். உன் மருமகள், "அம்மாவுக்கு ஹால்தான் காத்தோட்டமா இருக்கும் மாமா" என்றாள். என் கடிதங்களுக்கு ஏன் பதில் இல்லை என்றேன். "அம்மாதான் நிரந்தரமா உங்ககூட இருக்கப்போறேன்னு சொன்னாங்களே மாமா, எப்ப வந்து கூட்டிட்டுப் போறேன்னு நீங்க கேட்டதும் எனக்கு என்ன எழுதுறதுன்னு தெரியலை" என்கிறான். காலடியில் செருப்பு கிடந்தது. எடுக்கவில்லை. உன் முகத்துக்காக.

பாப்பா, நான் பழைய மரம் வாங்கி விற்கிறவன். மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும் தட்டிப் பார்த்து உள்ளே என்ன என்று சொல்லுவேன். நீ எழுதிய பெஞ்சு அம்மாவும் ஆறு மாசத்து அம்மாவும் காரில் ஏறிய அம்மாவும் எனக்கு மூன்று பேராகத் தெரியவில்லை. இதை இத்தனை தாமதமாகத் தட்டிப் பார்த்ததுதான் என் எரிச்சல். நேராக எழுதியிருந்தால் ஒரு கார்டோடு முடிந்திருக்கும். அந்தப் பேத்திக்கு நான் டீ வாங்கிக் கொடுத்திருக்க வேண்டாம்.

நம் வீட்டுக்கு வந்துவிடு. மாடி அறை காலிதான். அண்ணியும் சொல்கிறாள்.

அண்ணன்


பல் டாக்டர் வீடு,
மே 19

அண்ணாவுக்கு வணக்கம்.

நீங்கள் அங்கே போயிருக்க வேண்டாம். போனதற்கு நன்றி.

எழுதாததற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. எழுதினால் நீங்கள் கூப்பிடுவீர்கள். கூப்பிட்டால் வர வேண்டும். அண்ணி நல்லவர். அதனால்தான் வர மாட்டேன். ஒரு வருஷத்தில் அவர் முழங்காலுக்கு நான் எண்ணெய் தடவுகிறவளாகவும், அவர் எனக்குத் தட்டு வைக்கிறவராகவும் ஆகி, இருவரும் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு சிரிப்போம். இப்போது நிஜமாகவே சிரிக்கிறோம். அது இருக்கட்டும்.

மூன்று பேரும் ஒரே ஆள் என்கிறீர்கள். தப்பு. கண்ணாடிக்கடை அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டேன். புது அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. நான்தான் இப்போது அந்த வீட்டில் இருக்கிறேன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "சமையலறை ஜன்னல் இன்னும் இறுகுதா?" பிறகு ஒரு மணி நேரம் மருமகளைத் திட்டினார். மருமகளும் அங்கேயே உட்கார்ந்து பதிலுக்குத் திட்டினாள். இருவரும் கொழுகொழு என்று இருக்கிறார்கள்.

"கையெழுத்துக்கு ஏன் அவ்வளவு இழுத்தீங்க? எங்க அண்ணன் தவிச்சுப் போயிட்டாரு" என்றேன்.

"வாங்கினவரு உங்க அண்ணனா? நல்லா சத்தம் போடுவாரே! இழுக்காம? புது வீட்ல என் பேருக்கு ஒரு ரூம், பத்திரத்துலயே எழுதணும்னேன். எழுதினான், போட்டேன். கையெழுத்து என் கையில இருக்கிற வரைக்கும்தானே என் பேச்சு எடுபடும்? போட்டப்புறம் பேசி என்ன பிரயோசனம்?"

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். என் கையில் கையெழுத்து இல்லை. அடுப்பு இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். ஓட்டல்காரருக்கு முன்கட்டு முழுவதும் போகட்டும். பின்கட்டில் இரண்டு அறையும் சமையலறையும் எனக்கு வேண்டும். இனாமாக வேண்டாம். வாடகை மாதம் எண்ணூறு தருகிறேன். பென்ஷன் வருகிறது, தையலும் வரும். தையல்காரருக்குக் கண் மங்கிவிட்டது, ரவிக்கை எல்லாம் எனக்குத் தள்ளிவிடுகிறேன் என்கிறார். சம்மதமானால் உடனே எழுதுங்கள். இல்லாவிட்டால் இருபத்தைந்தாம் தேதி மேஸ்திரிக்கும் டீ போடுவேன்.

தங்கை


கடை,
மே 22

பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தை அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். தட்டு வைக்கிற இடத்தில் அவள் கோபப்படுவாள் என்று பார்த்தேன். "உங்க தங்கச்சிக்கு உங்களைவிட விவரம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஓட்டல்காரரிடம் பேசினேன். குதித்தார். பின்கட்டு உத்தரங்களுக்குப் பதில் என் கிடங்கில் இருக்கும் பங்களா உத்தரங்களைத் தருவதாகச் சொன்னேன். அது இதைவிட உசத்தி. எனக்கு நஷ்டம்தான். சொல்லிக் காட்டுவதற்காக எழுதவில்லை, தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

எண்ணூறு என்று எழுதியிருக்கிறாயே, அறிவிருக்கிறதா? பாதி இடித்த வீடு, இறுகிப்போன ஜன்னல், எதிரே செங்கல் குவியல். எந்தப் பைத்தியக்காரன் எண்ணூறு கொடுப்பான்? உன்னிடம் எண்ணூறு வாங்கினால் பஜாரில் என்னைக் காறித் துப்புவார்கள். நானூறு. வாழ்க்கையில் முதல்தடவையாக விலையைக் குறைக்கச் சொல்லி நான் பேரம் பேசுகிறேன். இந்த நிலைமைக்கு என்னைக் கொண்டு வந்துவிட்டாய். நீ நானூறுக்கு ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். மறுபடி ஒரு கடிதம், மறுபடி பதில் என்று இழுக்க என் உடம்பில் தெம்பில்லை. ஆகையால் நடுவில் நானே முடித்துவிட்டேன். மேஸ்திரி கையில் ஒப்பந்தத்தை இரண்டு பிரதி கொடுத்தனுப்புகிறேன். ஒன்றில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பு. போட்ட பிறகு முன்கட்டில் கடப்பாரை விழும்.

விவரம் இதுதான்:

பின்கட்டு இரண்டு அறை, சமையலறை, கிணறு. வாடகை மாதம் அறுநூறு, ஐந்தாம் தேதிக்குள். முன்பணம் கிடையாது. முன்கட்டு இடித்த இடத்தில் புதுச் சுவரும் அதற்கு ஒரு வாசல் கதவும் வீட்டுக்காரர் செலவு. பழைய குடித்தனக்காரர்களின் வாரிசுகள் வந்தால் டீச் செலவு குடித்தனக்காரருடையது. அவர்களை என் கடைக்கு அனுப்பக் கூடாது. காலி செய்ய விரும்பினால் குடித்தனக்காரர் ஒரு மாதம் முன்னால் சொல்ல வேண்டும். காலி செய்யச் சொல்லும் உரிமை வீட்டுக்காரருக்கும் இல்லை, அவருக்குப் பின் அவர் பிள்ளைகளுக்கும் இல்லை.